டாக்டரம்மா விரித்த வாழையிலை

தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, பனியனோடு பாத்ரூம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் மனோன்மணி டாக்டரம்மா தவறிவிட்ட செய்தி வந்தது. "இந்தச் சாயம் உங்க தோலுக்கு ஆகாதுங்க, சொல்லிப்போட்டேன்" என்று என்னை எச்சரித்த தோல் டாக்டரே அவர்தான். அப்படியே அழுதேன். கன்னத்தில் கறுப்பாக வழிந்ததைப் பார்த்து மனைவி பயந்துபோனாள்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் கோபம் தெரியும். நான் அதைக் கண்டது, என் மகளுக்கு நான்கு வயதானபோது. வலிப்புக்கு மருந்து தொடங்கிச் சில வாரங்களில் அவளுக்குக் காய்ச்சல், வாயெல்லாம் புண், உடம்பெல்லாம் கொப்புளம். அன்னூர் மாமியார் பார்த்ததும், "ஆத்தா வந்திருக்கா" என்றார். வேப்பிலை விரித்தோம். அம்மைக்கு மருந்து கூடாதென்று காய்ச்சல் மருந்தை நிறுத்தினோம். வலிப்பு மருந்தை மட்டும் பக்தியோடு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கோவைக்குத் தூக்கி வந்தபோது தொட்ட இடமெல்லாம் தோல் உரிந்தது. டாக்டரம்மா முதலில் கேட்டது இதுதான்: "ஏனுங்க, புதுசா என்ன மருந்து குடுத்தீங்க?"

சொன்னேன்.

"அதைய இன்னுமா குடுக்கறீங்க? இது அம்மை இல்லீங்க. அந்த மருந்து ஒத்துக்காம வந்தது. உசுருக்கும் ஆபத்து, கண்ணுக்கும் ஆபத்து."

வலிப்புக்கு மருந்தை மாற்றினார்; கண் டாக்டரை வரவழைத்தார். விரிப்பில் தோல் ஒட்டியது. "இளசா வாழையெலை வாங்கியாங்க" என்றார். மார்க்கெட்டுக்கு ஓடினேன்.

"விசேஷமுங்களா? எத்தனை பேருக்குங்க?" என்றார் இலைக்கடைக்காரர்.

"ஒருத்தருக்குங்க."

என் முகத்தைப் பார்த்தவர், கிழிசலில்லாத இலைகளாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

சுத்தம் செய்த இலையில் குழந்தையைக் கிடத்தியதும் மாமியார் பதறினார். "அம்மணி, புள்ளைய எலையில போடறீங்களே!"

"பந்திக்கில்லீங்க, ஒட்டாம இருக்கத்தானுங்க. அழுவறதா இருந்தா வெளிய போய் அழுவுங்க."

அதே வாய்தான், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது, "கொஞ்சூண்டு தொற சாமி" என்று கெஞ்சும். ஒருநாள் காலை மகளின் இமைகள் பிரிந்தன. டாக்டரம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு கேள்விதான். எந்த வீட்டில் குழந்தைக்குக் கொப்புளம் என்றாலும் அழைக்காமலே நுழைந்து, "புதுசா என்ன மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிடுகிறேன். என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு.

கல்லூரிக்குப் போகும் மகளிடம் நேற்று டாக்டரம்மாவின் படத்தைக் காட்டினேன். "இது யாருங்கப்பா?" என்றாள். அவள் கண் திறந்து பார்த்ததெல்லாம் மாஸ்க் போட்ட முகத்தைத்தான்.