ஞாயிற்றுக்கிழமை எலிகள்

டோரிஸ் எலித் தொட்டியிலிருந்த பழைய மரச்சுருளை முழுவதுமாகக் குப்பைப் பையில் கொட்டினாள். தொட்டியைக் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டாள். மூலையில் ஒட்டியிருந்தது போகவில்லை. பிளீச்சை ஊற்றித் தேய்த்தாள். கண் எரிந்தது. துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் இருந்த வாளிக்குள் மூன்று பெண் எலிகளும் ஓர் ஆண் எலியும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. எல்லாம் வெள்ளை, சிவப்புக் கண். பக்கத்தில் விரித்த துண்டில் அன்று காலை பிறந்த குஞ்சுகள். மயிர் இல்லை, கண் திறக்கவில்லை, விரல் நுனி அளவு, ரோஜா நிறம்.

தொட்டி காய்ந்ததும் புது மரச்சுருளைப் பரப்பிக் காகிதக் கைத்துண்டுகளைக் கிழித்துப் போட்டாள். குனிந்து முகர்ந்தாள். ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. குஞ்சுகளை ஒரு மூலையில் குவித்து வைத்தாள், எலிகளை உள்ளே விட்டு மூடினாள்.

"இப்ப வந்து மோந்து பாக்கட்டும் அவ," என்றாள். தூண்கள் மேல் நிற்கும் வீடு, அதன் அடியில் கேட்க ஆள் இல்லை. வெளியே மழை.

டோரிஸ் ஸமித்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பா மால்டாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் மக்காய்க்குக் கரும்பு வெட்ட வந்தவர். டோரிஸ் பள்ளிக்கூடம் முடித்த வருஷமே ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் சேர்ந்தாள். இன்றும் எங்களோடு அங்கேதான் இருக்கிறாள். விரிப்பில் ஊசிமுனை அளவு கறை இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். அவளுடைய வண்டியிலிருந்து யாராவது ஒரு விரிப்பை எடுத்து மறுபடி மடித்தால் அன்று முழுக்கப் பேசமாட்டாள்.

கணவன் டாரல் கரும்பு ரயில் ஓட்டுகிறவன். ஆறு வருஷம் முன்பு ஷோனா என்பவளோடு போய்விட்டான். அதை டோரிஸ் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. "குறட்டை போச்சு," என்றாள், அவ்வளவுதான். வயிறு எரிய ஆரம்பித்தது அதற்குப் பிறகு, மகள் மரீசா பாம்பு வளர்க்கத் தொடங்கியபோது.

மரீசா டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள், சிநேகிதி ஒருத்தியோடு தனியாக வீடு எடுத்திருக்கிறாள். உரிமம் வாங்கிப் புள்ளி மலைப்பாம்புகள் வளர்க்கிறாள். நல்ல சாதுவான பாம்பு, ஒரு மீட்டர் நீளம் வரை வளரும். அவற்றுக்கு எலி வேண்டும். ஷோனா தன் ஷெட்டில் எலி வளர்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் கை மாறின.

"மதியம் சாப்பிட வர்றியா?"

"இந்த வாரம் முடியாதும்மா. ஷோனாகிட்ட எலி வாங்கணும்."

"எலி வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? எலியென்ன, தச்சுத் தரணுமா?"

"அப்படியே அங்க சாப்பிட்டுடுவேன். அவ ஆட்டுக்கால் சுடுறா."

மறுநாள் எப்போதாவது மரீசா எட்டிப் பார்த்தால் அவள் சட்டையிலும் தலைமுடியிலும் அந்த ஷெட்டின் நாற்றம் இருக்கும். மூத்திரமும் தானியமும் கலந்த நாற்றம். டோரிஸ் மகளைக் கட்டிக்கொள்ளும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். "உன் தலை முழுக்க அவ வாசனை," என்பாள். எலி வாசனை என்று சொல்லமாட்டாள்.

இந்த வருஷம் மரீசாவின் பாம்பு முட்டையிட்டு நான்கு குட்டிகள் பிழைத்தன. மூன்று கடையில் வாங்கிய உறைந்த எலிக்குஞ்சை உருக்கிக் கொடுத்தால் தின்றன. எல்லாவற்றிலும் சின்னது, பட்டன் என்று பெயர், வாயைத் திறக்கவில்லை. சுவரிலிருந்து பல்லியைப் பிடித்து, அந்த வாசனை ஏறட்டும் என்று அதன் முதுகில் எலிக்குஞ்சைத் தேய்த்துக்கூட மரீசா கொடுத்துப் பார்த்தாள். புதிதாக, சூடு ஆறாமல் இருந்தால் ஒருவேளை தின்னும் என்றார்கள். ஷோனாவிடம் அப்போது குட்டி போட்ட எலி இல்லை.

"நானே எலி வளக்குறேன்," என்றாள் டோரிஸ்.

"நீயா? எலியைப் பாத்தா மேசை மேல ஏறுவ."

"அது காட்டெலி. இது வேற."

"சரி, எப்படிப் பண்றதுன்னு ஷோனாகிட்ட ஒரு வார்த்தை கேளு."

"எலி குட்டி போடுறதுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்."

கடையில் வெள்ளை எலியாகப் பார்த்து வாங்கினாள். வெள்ளையில் அழுக்கு தெரியும், அதனால். சலவைக் கூடத்தில் விஷயம் பரவியது. கெர்ரி சும்மா விடவில்லை.

"பொண்ணு பாம்பு வளக்குது, அம்மா எலி வளக்குறா. பூனை ஒண்ணுதான் பாக்கி."

"பூனை அங்க டாரல் வீட்ல இருக்கு," என்றாள் டோரிஸ், மடிப்பதை நிறுத்தாமல்.

தொட்டி நாறக்கூடாது என்று ஒன்றுவிட்டு ஒரு நாள் கழுவினாள். கழுவக் கழுவ ஆண் எலி போட்டிக்கு நின்றதுபோல மூலைக்கு மூலை மறுபடி மூத்திரம் வைத்தது. நாற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை. அவள் பிளீச்சைக் கூட்டினாள். பெண் எலிகள் இரண்டு வயிறு பருத்து, வெள்ளிக்கிழமை காலை குட்டி போட்டன. மரீசாவுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். உடனே பதில் வந்தது. ஞாயிறு பட்டனைக் கொண்டு வருகிறேன், ஷோனாவிடம் இந்த வாரம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இதுவும் தின்னாவிட்டால் அது பிழைக்காது.

டோரிஸ் கடைசி வரியைவிட நடு வரியைத்தான் பலமுறை படித்தாள். அன்று சாயங்காலம்தான் தொட்டியைக் கழுவினாள்.

சனிக்கிழமை காலையில் மூடியைத் திறந்தபோது குஞ்சுகள் இல்லை.

தப்பித்துவிட்டன என்று நினைத்து இயந்திரத்தின் பின்னால் டார்ச் அடித்துத் தேடினாள். கண் திறக்காதவை எங்கே போகும் என்பது பிறகுதான் உறைத்தது. காகிதத்தைக் கிளறினாள். ஒரு மூலையில் நூல் மாதிரி ஒரு வால் கிடந்தது. தாய் எலிகள் இரண்டும் உட்கார்ந்து முன்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தன.

மறுநாளே ஞாயிறு. வேறு யாரிடம் போவது என்று ஒரு மணி நேரம் யோசித்தாள். வேறு யாரும் இல்லை.

டாரல் வாசலில் உட்கார்ந்து புல் வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தான். "அட, யாரு வந்திருக்கா பாரு! வழி தவறிட்டியா?"

"உன்னைப் பாக்க வரல. அவ எங்க?"

"யாரு அவ? பேரு இருக்கு."

"இருக்கட்டும்."

ஷோனா ஷெட்டுக்குள் இருந்தாள். நாற்பது வயது, குட்டை முடி, ரப்பர் பூட்ஸ். மூன்று அடுக்குகளில் தொட்டிகள். பழுப்பு, கறுப்பு, சாம்பல், வெள்ளை. நாற்றம் தொண்டையில் இறங்கியது. டோரிஸ் எலிகளைப் பார்க்கவில்லை. கதவோரம் இன்னொரு ஜோடி பூட்ஸ் இருந்தது. அதன் குதிகாலில் மரீசா சின்ன வயதிலிருந்து தன் சாமான்களில் போடும் மீன் படம் வரைந்திருந்தது. அவளுக்கென்று இங்கே பூட்ஸ் இருக்கிறது. என் வீட்டில் இல்லை.

"குட்டியெல்லாம் போச்சு," என்றாள்.

ஷோனா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எப்பக் கழுவினீங்க?"

கழுவினேன் என்று டோரிஸ் சொல்லவே இல்லை. "நேத்து."

"எதை வச்சு?"

"பிளீச்."

"கூட்டையுமா எடுத்துட்டீங்க?"

"நாத்தம் அடிச்சுது."

ஷோனா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திருப்பிச் சொல்ல டோரிஸிடம் நிறைய இருந்தது. "அந்த வாசனையை வச்சுத்தான் தன் குட்டின்னு அதுங்களுக்குத் தெரியும். அது போனதும் பயந்து தின்னுடும். கொஞ்சம் பழைய கூட்டை எப்பவும் விட்டு வைக்கணும். குட்டி போட்டா ஒரு வாரம் கை வைக்கவே கூடாது."

"எனக்கு நாளைக்கு வேணும்."

"தெரியும். மரீசா சொன்னா. ரொம்ப சந்தோஷமா இருந்தா."

அது டோரிஸுக்கு எங்கோ குத்தியது. மகளின் சந்தோஷம்கூட இங்கே வந்துவிட்டுத்தான் தனக்கு வருகிறது.

ஷோனா ஒரு பழுப்பு எலியின் கூட்டிலிருந்து ஏழு குஞ்சுகளை எண்ணி எடுத்து, வெண்ணெய் டப்பாவில் பஞ்சுக்கு நடுவில் வைத்தாள். "உங்க தாய் எலிங்களுக்குப் பால் கட்டியிருக்கும். ஆண் எலியைத் தனியா மாத்துங்க. தாயைக் கொஞ்ச நேரம் வெளிய எடுத்து வச்சு, அது படுத்த காகிதத்துல இதுங்களை நல்லாப் புரட்டிட்டு உள்ள வைங்க. ஏத்துக்கும்."

"மரீசாகிட்ட சொல்லக் கூடாது."

"எதை?"

"நான் வந்ததை."

"சரி."

நன்றி என்ற சொல் டோரிஸின் வாய்வரை வந்தது. "உன் ஷெட்டு ரொம்ப நாறுது," என்றாள்.

"ஆமா," என்றாள் ஷோனா. "டாரலும் அதான் சொல்றாரு."

டப்பாவை மடியில் வைத்தே கார் ஓட்டினாள். வீட்டில் ஷோனா சொன்னபடி செய்துவிட்டு, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து பார்த்தாள். வெள்ளை எலி குஞ்சுகளிடம் வந்தது. முகர்ந்தது. ஒன்றை வாயில் கவ்வியது, டோரிஸ் எழுந்துவிட்டாள். எலி அதை மூலைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததுக்கு வந்தது. ஏழையும் சேர்த்ததும் மேலே படுத்துக்கொண்டது. டோரிஸுக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு சுலபமா? ஒரு மோப்பம், முடிந்தது.

"வெக்கங்கெட்டவளே," என்றாள் எலியிடம்.

ஞாயிறு பதினொரு மணிக்கு மரீசா வந்தாள். துணிப்பையில் பட்டன், பென்சில் பருமன். டோரிஸ் விடிந்ததிலிருந்து பாலாடைக்கட்டி வைத்து அப்பா ஊர்ப் பலகாரமான பஸ்திட்சி சுட்டிருந்தாள். வீடெல்லாம் வெண்ணெய் வாசம். மரீசா நேரே வீட்டுக்கு அடியில் ஓடினாள்.

"அம்மா! நிஜமாவே!" கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தலைமுடியில் ஷாம்பு வாசனை மட்டும் இருந்தது. டோரிஸ் மூச்சை நன்றாக இழுத்தாள்.

மரீசா ஒரு குஞ்சை எடுத்துக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி நின்று கையால் ஏதோ செய்தாள், ஒரு நொடி. டோரிஸ் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெட்டிக்குள் பாம்பையும் உயிர்போன குஞ்சையும் வைத்து மூடி, மேலே துணி போட்டார்கள். மாடிக்குப் போய் ஆளுக்கு இரண்டு பஸ்திட்சி தின்றார்கள். இறங்கி வந்து துணியை விலக்கியபோது பாம்பின் வாய் ஓரத்தில் ஒரு பின்கால் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. தொண்டைக்குக் கீழே ஒரு சின்னப் புடைப்பு.

மரீசா அழுதுவிட்டாள். டோரிஸ் அவள் முதுகைத் தடவினாள். ஆறு வருஷத்தில் இப்படி ஒரு ஞாயிறு வரவில்லை.

"ஷோனா எப்ப கொடுத்தா?" என்றாள் மரீசா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"எதை?"

"போம்மா. உன் எலியெல்லாம் வெள்ளை, செவப்புக் கண்ணு. அதோட குட்டிக்குத் தோலுக்கடியில கண்ணு இருக்கிறதே தெரியாது. இதுங்களுக்குப் பாரு, மிளகு ஒட்டி வச்ச மாதிரி. பழுப்பு எலியோட குட்டி. எடுத்தப்பவே பாத்தேன். முதல்ல இது தின்னட்டும்னு இருந்தேன்."

டோரிஸ் மூடியைச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "அவகிட்ட வெள்ளையும் இருந்துச்சு. ஒரு தொட்டி நிறைய. வேணும்னுதான் இதைக் கொடுத்திருக்கா, நீ கண்டுபிடிக்கணும்னு."

"ஐயோ, நேத்து அவகிட்ட அந்த ஒரு எலிதான் குட்டியோட இருந்திருக்கும்மா!" மரீசா போனை எடுத்து ஷோனாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். "ஷோனா, அம்மாவுக்குக் குட்டி கொடுத்தியா?"

"எந்தக் குட்டி?" என்றது ஷோனாவின் குரல். "உங்கம்மா இங்க வரவே இல்லையே."

மரீசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டோரிஸ் போனையே பார்த்தாள். குற்றம் சொல்ல ஷோனா ஒரு நூலிழைகூட விட்டுவைக்கவில்லை.

"பட்டன் தின்னுடுச்சு, ஷோனா."

அந்தப் பக்கம் ஒரு கூச்சல் கேட்டது. பிறகு இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். டப்பா அளவு, சூடு, தோல் உரிப்பது, யாரோ ஒருவரின் பாம்பு, பாதி வார்த்தையிலேயே மற்றவளுக்குப் புரிந்து சிரிப்பு. டோரிஸ் மாடிக்குப் போய்த் தட்டுகளைக் கழுவினாள். கீழிருந்து சிரிப்பு கேட்டது. தண்ணீரைப் பலமாகத் திறந்துவிட்டாள்.

"அம்மா!" மரீசா போனோடு படியேறி வந்தாள். "ஆண் எலிக்குத் தனித் தொட்டி பண்ணணுமாம். அடுத்த ஞாயிறு ஷோனா இங்க வந்து பண்ணித் தரட்டும்."

போன் பேசியது. "மரீசா, முதல்ல உங்கம்மாகிட்ட கேட்டியா?"

மரீசா அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்றால் அடுத்த ஞாயிறு மகள் எங்கே இருப்பாள் என்பது டோரிஸுக்குத் தெரியும். தட்டைத் துடைத்து முடித்தாள்.

"வரட்டும். பதினொரு மணிக்கு. டாரலைக் கூட்டிட்டு வரக் கூடாது."

கிளம்பும்போது மரீசா, "ஷோனாவுக்கு ரெண்டு பஸ்திட்சி எடுத்துக்கட்டுமா?" என்றாள். டோரிஸ் தானே எடுத்துக் கட்டிக் கொடுத்தாள். அடி கருகியதாகப் பார்த்து இரண்டு.

மறுநாள் திங்கட்கிழமை ஆறரைக்கு வேலைக்கு வந்தாள். கெர்ரி, பாம்பு தின்றதா என்று கேட்டாள். தின்றது என்றாள். அறுவை அரங்கின் துணிகள் வழக்கத்தைவிட அதிகமாக வந்திருந்தன. மதியம் வரை அதில்தான் இருந்தாள். சாப்பாட்டு வேளையில் எங்களிடம் இதையெல்லாம் சொன்னாள், கருகிய பஸ்திட்சியை மட்டும் கடைசியில் சொன்னாள். மூன்று மணிக்கு வீட்டுக்குப் போனாள். மரீசா எடுத்தது போக ஆறு குஞ்சுகள் இருந்தன. தண்ணீர்ப் புட்டியை மாற்றினாள், தீனி வைத்தாள், தொட்டியைத் தொடவில்லை. வீட்டுக்கு அடியில் நாற்றம் இருந்தது. மாடிக்குப் போய் ஜன்னலைத் திறந்து வைத்தாள்.