கழுவிக்கொண்டு போன கட்டி

சமீபத்தில் ஒரு நாள் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு பஸ்ஸில் நின்றபடியே போனேன். பஸ் காலி. கண்டக்டர் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா சார், இவ்ளோ சீட்டு கீது... குந்து சார்!"

"பரவாயில்லை" என்றேன்.

"ஏன், நம்ம சீட்டுல மூட்டைப்பூச்சியா?"

சிரித்து மழுப்பினேன். உட்காராததற்குக் காரணம் சீட்டில் இல்லை. என்னிடம் இருந்தது. வலது தொடையின் பின்பக்கம், உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு கட்டி. டாக்டர் கொடுத்த பெனிசிலின் ஊசிகளை அது சட்டை செய்யவே இல்லை. உடைந்து, சீழ் வடிந்துகொண்டே இருந்தது.

"கண்ணை மூடிக்கிட்டு மருந்து கொடுக்கறதுல பிரயோஜனம் இல்லை" என்றார் டாக்டர். "சீழை எடுத்து லேப்ல வளர்த்துப் பார்த்துடுவோம். எந்த மருந்துக்கு அடங்குதுன்னு அதுவே சொல்லும்."

எளிய சோதனைதான். சீழில் இருக்கும் கிருமியை ஒரு கண்ணாடித் தட்டில் வளர்க்கிறார்கள். அதன்மேல் பொட்டு அளவில் காகித வில்லைகளை வைக்கிறார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழுகிறதோ, அந்த மருந்து வேலை செய்யும். வட்டம் விழாவிட்டால் வேலை செய்யாது.

இவ்வளவும் புரிந்துகொண்ட நான் என்ன செய்தேன்?

லேபுக்குக் கிளம்புமுன் குளியலறையில் புகுந்து கட்டியை டெட்டால் ஊற்றிக் கழுவினேன். ஒரு முறை அல்ல. வாடை போகும்வரை. அடுத்தவர் பார்க்கப்போகும் இடமாயிற்றே! யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் கூடத்தைப் பெருக்கி, கிழிந்த பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளுவோமே... அந்தப் புத்திதான்.

லேபில் அன்று இருந்தது ஜரீனா என்ற பெண். என் பெயரைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"சார், நீங்களா! வாராவாரம் படிக்கிறேன் சார். எங்க வாப்பா கடைக்கு பேப்பர் வந்தா மொதல்ல உங்க பக்கம்தான். எதையும் மறைக்காம எழுதறீங்க சார்!"

மறைக்காமல் எழுதுகிற நான் திரும்பிப் படுத்து வேட்டியை ஒதுக்கினேன். நெளிந்தேன்.

"வெக்கப்படாதீங்க சார், எனக்கு இது கட்டி, அவ்ளோதான்" என்றவள், பஞ்சுக்குச்சியைக் கையில் எடுத்தபடி கேட்டாள்: "மேல மருந்து ஏதாச்சும் போட்டீங்களா சார்? எதனா வெச்சுக் கழுவுனீங்களா?"

"இல்லம்மா."

லேப் முழுக்கவே டெட்டால் வாடை. என்னுடையது அதில் கலந்துவிட்டது.

முடிவு வந்தது. தட்டில் ஒன்றுமே வளரவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். சுத்தமான மனிதன்! டாக்டர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இவ்ளோ சீழ் வடியுது, ஆனா எதுவும் வளரலை... இது டி.பி. கட்டியா இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க."

கூட வந்திருந்த என் மனைவி சரோஜாவின் கை என் சட்டையைப் பிடித்தது. அப்போதாவது சொன்னேனா? எக்ஸ்ரே சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் மகள் மாலதியைப் பெண் பார்க்க மதுராந்தகத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார்கள். நெல் வியாபாரக் குடும்பம். நல்ல பையன். மாலதிக்கும் போட்டோவைப் பார்த்துப் பிடித்துவிட்டது. நான்காவது ஜாதகம் அது. முந்தைய மூன்றும் தட்டிப்போனவை.

வீட்டுக்கு வந்ததும் சரோஜா தன் தம்பி துரையைக் கூப்பிட்டனுப்பினாள்.

"மதுராந்தகம் போயி, இப்ப வேணாம்னு சொல்லிட்டு வாடா."

"இன்னாக்கா, நல்ல எடம்... சும்மா இரு. யாருக்குத் தெரியப்போவுது?"

"டி.பி. கீற வூடுன்னு பின்னால தெரிஞ்சா எம் பொண்ணு தலையிலதான்டா விடியும். மறைச்சுக் கட்டிக்குடுக்கச் சொல்றியா?"

அறைக்குள் மாலதி அழுவது கேட்டது. சத்தம் வராமல் அழப் பார்த்தாள், முடியவில்லை. துரை செருப்பை மாட்டிக்கொண்டான்.

"நில்லு துரை" என்றேன். டெட்டால் கதையைச் சொன்னேன்.

துரை என்னையே பார்த்தான். "இன்னா மாமா நீ... கட்டியக் காட்டப் போனியா, மாப்ள பாக்கப் போனியா?"

சரோஜா சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாமில்ல?" என்று மட்டும் கேட்டாள். மகள் அழுகிற சத்தம் கேட்கும்வரை அப்பனுக்குத் தன் மானம்தான் பெரிதாக இருந்தது. இதை எந்த வார்த்தையில் சொல்வது?

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அங்கிருந்து லேபுக்குப் போய் ஜரீனாவிடமும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை.

"அன்னிக்கே கேட்டேனே சார்" என்றாள். அவ்வளவுதான்.

இந்த முறை குளிக்காமல், வாடையோடு போனேன். கிருமிகள் என்னைக் கைவிடவில்லை. அமோக விளைச்சல்! சாதாரணக் கிருமிதான், டி.பி. இல்லை என்றார் டாக்டர். தட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். பெனிசிலின் வில்லையின் விளிம்புவரை கிருமி வளர்ந்திருந்தது. இன்னொரு வில்லையைச் சுற்றி மட்டும் பளிச்சென்று ஒரு வட்டம். அந்த மருந்து இப்போது உள்ளே போகிறது. சீழ் குறைந்துவிட்டது. வலி இன்னும் முழுதாக விடவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். டாக்டரிடம் போகும்போது நல்ல சட்டை போடுகிறோம். "எத்தனை நாளாக?" என்றால் குறைத்துச் சொல்கிறோம். நோயைக் காட்டப் போகிற இடத்திலும் மரியாதையைத்தான் காட்டுகிறோம். அப்புறம் வைத்தியம் எதற்கு நடக்கும்?

ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகத்துக்காரர்கள் வந்தார்கள். கேசரி, காபி எல்லாம் முடிந்தது. நான் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தேன். பையனின் அப்பாவுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

"நாம குந்திக்கினு கீறோம், மனுஷன் நின்னுகினே உபசரிக்கிறாரு பாரு! இந்த மாதிரி மரியாதை தெரிஞ்ச சம்பந்தி எங்க கிடைப்பாங்க?"

துரை இருமினான். சரோஜா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

விடைபெறும்போதுதான் அவர் சொன்னார், இந்தப் பத்திரிகையை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவராம்... ஐயா, உட்காராததற்குக் காரணம் மேலே இருக்கிறது!