மேகத்துக்குள் எவ்வளவு வெளிச்சம்

வேலையைப் பற்றி இந்தப் பயணக் குறிப்புகளில் எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். போன டிசம்பரில் மூணாறு போனதே வேலைக்காகத்தான் என்பதால் இந்த ஒரு முறை மட்டும்.

மேகத்துக்குள் நுழையும் வெளிச்சம் துளிக்குத் துளி மோதித் திசைமாறி எப்படி வெளியே வருகிறது என்று கணக்கிட்டு, அதிலிருந்து படம் வரையும் நிரல் எழுதுகிறேன். மோதல்களை நிறைய அனுமதித்தால் மேகம் உள்ளிருந்து ஒளிரும். ஆனால் ஒரு படத்துக்கு ஒரு முழு இரவு பிடிக்கும். எங்கள் குழுத் தலைவர், பக்கத்துக் கிராமமான நல்லேப்பிள்ளிக்காரர், வெளிச்சம் மிகை என்றும் மோதல்களைப் பாதியில் நிறுத்தும்படியும் சொன்னார். நிறுத்தினால் மேகம் அழுக்குப் பஞ்சாகிவிடும். நிறுத்துவதா வேண்டாமா என்று திங்கட்கிழமை முடிவு. இரண்டு வருட வேலை.

நிஜ மேகத்தைப் படமெடுத்து ஒப்பிட, சனிக்கிழமை விடியலில் கல்பாத்தி வீட்டிலிருந்து கிளம்பினேன். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று பஸ் மாறி மூணாறு சுமார் 160 கிலோமீட்டர். ஞாயிறு காலை ஆறரைக்கு ஜீப்பில் டாப் ஸ்டேஷன். 32 கிலோமீட்டர், போக வர 2,200 ரூபாய்.

ஓட்டுநர் செல்வராஜ் அண்ணன் எஸ்டேட்டில் பிறந்தவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வெயில் விழுந்த ஒரு வளைவில் நிறுத்தச் சொல்லி, வெளிச்சத்தை அளக்க உதவும் சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பிடித்து, கேமரா எவ்வளவு வெளிச்சம் வாங்க வேண்டும் என்ற எக்ஸ்போஷரை அதற்கேற்ப வைத்தேன்.

"மலைய விட்டுட்டு அட்டையப் போட்டோ எடுக்க ஆள இப்பத்தான் பாக்கேன்" என்றார்.

அடுத்த வளைவில் மேகம் கீழிருந்து ஏறிச் சாலையை மூடியது. அண்ணன் தலைக்கு மேலிருந்த வெயில் மறைப்பை இறக்கினார். மஞ்சு எனும் இந்த மூடுபனிக்குள் அது எதற்கு என்று கேட்டேன்.

"மஞ்சுன்னா இருட்டுன்னு நெனச்சுட்டு வாராக. மேல வெயில் கெடந்தா உள்ள கண்ணு கூசும் தாயி."

எக்ஸ்போஷரை மாற்றாமல் அந்த மேகத்தைப் படமெடுத்தேன். அறைக்குத் திரும்பியதும் அதே வளைவையும் அதே சூரியனையும் கொடுத்து இணையம் வழியே அலுவலகக் கணினியில் என் நிரலை ஓடவிட்டுப் பஸ் ஏறினேன்.

திங்கள் காலை இரண்டு படங்களையும், எது எது என்று சொல்லாமல், தலைவர் முன் வைத்தேன்.

"ரெண்டுமே அதிகமுங்க. ரெண்டாவதுல மேகத்துக்குள்ள டியூப்லைட் போட்டாப்புல இருக்குது. கொறைச்சிருங்க."

"அதைக் குறைக்க முடியாது சார். அது கேமரால எடுத்தது."

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பறம் மொதலாவது ஏனுங்க கம்மியா இருக்குது? இன்னுங் கொஞ்சம் ஏத்துங்க."

மோதல்கள் அப்படியே இருக்கின்றன. பெருமைப்பட்டுக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை. அன்று மட்டும் கீழே போய், தனியாக இரண்டு டீ குடித்தேன்.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்குள் மூணாற்றைத் தாண்டிவிடுங்கள். கேமராவைத் தானாக வெளிச்சம் பார்க்கும் ஆட்டோ முறையில் விடாதீர்கள். வெள்ளையைக் கண்டால் அது சாம்பலாக்கிவிடும். மேகம் மங்கலானது என்று நாம் நம்புவதும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான். எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றி வையுங்கள். கறுப்புக் கண்ணாடியும் எடுத்துப் போங்கள். மேகத்துக்குள் அதை மாட்டினால் கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள், ஓட்டுநர் சிரிக்கமாட்டார்.