ஜெயபுஷ்பத்தின் ஆர்க்கிட் பாட்டில்கள்

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் ஜெயபுஷ்பத்துக்கு வேலை. நோயாளிகளின் சளியையும் சீழையும் தடவி, என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் தட்டுகளுக்கு, ஆறினால் ஜெல்லியாக உறையும் அகர் காய்ச்சி ஊற்றுவாள். ஊற்றிய தட்டில் வேண்டாத பூஞ்சை நூலளவு தெரிந்தாலும் யோசிக்க மாட்டாள். ஆவியில் வேகவைத்துக் குப்பைக்கு அனுப்பிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கக்கூடாதா என்ன?

அவளுக்குச் செடிப் பைத்தியம் பிடித்தது ரஷீத் அஹமதால். ஆம்பூர்க்காரர், பெங்களூரில் நர்சரி வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் பாறை மேல் வளரும் குட்டி ஆர்க்கிட் என்று இரண்டு செடி கொடுத்தார். செடி சுண்டுவிரல் உயரம், பூ மூக்குத்தி அளவு. அவள் வீடு இருக்கும் பள்ளிகொண்டா வெயிலைத் தாங்காது என்று சொல்லித்தான் கொடுத்தார். ஜெயபுஷ்பம் கேட்கிற ஆளா? பூத்ததும் பல்குச்சியால் ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றதில் வைத்தாள். ஒரே ஒரு காய் பிடித்தது. கத்திரி வெயிலில் ஒரு செடி சுருண்டது. மற்றதும் வாடத் தொடங்கியபோது, காயை மட்டும் பச்சையாகவே அறுத்துக்கொண்டாள்.

ஆர்க்கிட் விதை தூசு மாதிரி இருக்கும். உள்ளே சாப்பாடு ஏதும் கிடையாது, அதனால் வெறும் மண்ணில் போட்டால் முளைக்காது. கிருமி அண்டாத பாட்டிலில், சர்க்கரை கலந்த அகரில்தான் முளைக்கவைக்க வேண்டும். அவளுக்கு இதைவிடப் பழகின வேலை ஏது? காற்றிலுள்ள தூசு படாமலிருக்க மீன்தொட்டியைக் கவிழ்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அதற்குள் கைவிட்டு ஒவ்வொரு பாட்டிலிலும் விதை தூவினாள்.

"ஊறுகா பாட்டிலுக்கு இவ்ளோ பந்தோபஸ்தா?" என்றார் ஜேக்கப். ஷூ கம்பெனி சூப்பர்வைசர், அவள் கணவர்.

"செடி ரெண்டும் போய்டுச்சு. இனிமே இருக்கிறது இதாங்க," என்றாள். அவர் அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை.

மழைக்காலத்தில் பாட்டில்களுக்குள் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. ஜெயபுஷ்பம் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை பார்ப்பாள். தனக்குள் சிரித்தும் கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து பார்த்தால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெள்ளையாக மெல்லிய முடி படர்ந்திருந்தது. எல்லாப் பாட்டிலிலும் அப்படியே. ஒரு போட்டோ எடுத்து ரஷீதுக்கு அனுப்பினாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பூஞ்சை பிடித்ததை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாட்டில்களைக் குக்கரில் அடுக்கி அடுப்பைப் பற்றவைத்தாள்.

விசில் அடங்கிய பிறகு ரஷீத் கூப்பிட்டார்.

"மாஷா அல்லா, அக்கா! போட்டோ பாத்தேன். எல்லாம் வேர் முடி உட்டுடுச்சு. பூஞ்சைன்னு நெனச்சுடாதீங்க, ஆரோக்கியமா இருந்தாத்தான் இப்டி வரும்."

"குக்கர்ல வச்சுட்டேன் பாய்."

"இன்னாக்கா சொல்றீங்க?"

அவள் போனை வைத்துவிட்டாள். மூடியைத் திறந்தபோது பச்சையெல்லாம் பழுப்பாகிக் கிடந்தது. ஜேக்கப் வந்து பார்த்துவிட்டு, "உடு புஷ்பா, வேற செடி வாங்கிக்கலாம்," என்றார். "ம்," என்று சொல்லிவிட்டுப் பாட்டில்களைக் கழுவப் போனாள். அழவில்லை. மத்தியானம் குழம்பு வைத்தாள்.

மறுநாள் லேபின் தலைவர் டாக்டர் அம்பிகா அவளைப் பாராட்டினார். "இந்த மாசம் ஒரு தட்டுலகூட பூஞ்சை தப்பி வரல ஜெயபுஷ்பம். நீங்க இருக்கிறதால எனக்கு பயமே இல்ல."

வேறொரு நாளாக இருந்தால் பஸ்ஸில் வீடு வரைக்கும் அதை நினைத்துச் சந்தோஷப்பட்டிருப்பாள்.

"நல்லா இருந்ததையும் எத்தனை தூக்கிப் போட்டனோ, டாக்டர்," என்றாள். கையுறையைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்று அழுதாள்.