யன்னலடியில் இருந்த அன்ரி

மாஸ்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதியை அந்தப் புத்தகமே பிடித்துக்கொண்டு கிடக்கும். இக்காஸ்ட் நகர நூலகத்தில் அவர் இரவல் எடுத்து, தவணை முடிய முடியப் புதுப்பித்து வைத்திருந்த பெரிய ஓவியப் புத்தகம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியர்கள் கீறிய பெண்கள் அதில் இருந்தார்கள். ஒருத்தி யன்னலோரம் இருந்து தைக்கிறாள். ஒருத்தி பியானோவில் முழங்கையை ஊன்றியிருக்கிறாள். இன்னொருத்திக்கு முன்னால் ஆறிப்போன தேநீர். எல்லோருக்கும் வெளிர்நிற உடுப்பு. எல்லோரும் தனியே.

யாழ்ப்பாணத்தில் சித்திர ஆசிரியராக இருந்த மாஸ்டர், டென்மார்க்கில் துணி ஆலைத் தொழிலாளி. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்குத் தன் வீட்டில் படம் கீறப் பழக்கினார். நாங்கள் பார்த்துக் கீறுவதற்காக யன்னலடிக் கதிரையில் இருந்தவர் அவருடைய மனைவி. அவரை நாங்கள் அன்ரி என்போம்.

நாங்கள் போகும்போது அன்ரி குசினியில் ரோல்ஸ் பொரித்தபடி உரத்த குரலில் எங்களோடு கதைத்துக்கொண்டிருப்பார். வகுப்புத் தொடங்கியதும் பழைய உடுப்புக் கடையில் மாஸ்டர் வாங்கிவந்த வெள்ளைக் கவுணைப் போட்டுக்கொண்டு, பின்னலை அவிழ்த்துவிட்டு வருவார். ஒருநாள் நெற்றிப் பொட்டோடு வந்துவிட்டார். “அந்தப் படங்களில பொட்டு இல்லை” என்று சொல்லி, மாஸ்டர் தூரிகை துடைக்கிற துணியாலேயே அதைத் துடைத்துவிட்டார். நெற்றியில் நீல வர்ணம் ஒட்டிக்கொண்டது. எங்களில் சிலர் சிரித்தோம். அன்ரியும் சிரிக்கப் பார்த்தார். வாயை மூடச் சொன்னார் மாஸ்டர்.

அப்போது ஊரில் யுத்தம். அங்கிருந்து இங்கே தொலைபேசி எடுப்பதென்றால் ரவுணுக்குப் போய், கடையில் வரிசையில் காத்து நிற்க வேண்டும். ஒரு சனிக்கிழமை நாங்கள் கீறிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. அன்ரியின் தோள் உயர்ந்தது.

“அசையாதை,” என்றார் மாஸ்டர்.

மணி நின்று, மறுபடி அடித்தது.

“அம்மாவா இருக்கும். ஒருக்கா எடுத்திட்டு வாறன்.”

“வெளிச்சம் போயிடும். பிறகு எடுக்கலாம்.”

அவர் தன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தது. அன்ரியின் முகத்தில் எதுவும் மாறவில்லை, கண்ணீர் மட்டும் இறங்கியது. எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை அதைத் தன் தாளில் கீறத் தொடங்கினாள். மாஸ்டர் குனிந்து பார்த்தார். அழிறப்பரை எடுத்துக் கொடுத்தார்.

“கண்ணீர் கீறாதேங்கோ பிள்ளை. அது படத்தைக் கெடுத்துப்போடும்.”

அன்றைக்கு ஊரிலிருந்து அழைத்தது அன்ரியின் தாய்தான். சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் மகளின் குரலை ஒருமுறை கேட்க நின்றாராம். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பி வரவில்லை. இதையெல்லாம் என் அம்மா செத்தவீட்டுக்குச் சமைத்துக் கொண்டுபோனபோது அறிந்து வந்து, அப்பாவிடம் குசுகுசுத்தார். மாஸ்டரோடு இனி என்ன கதை என்று அப்பா கோபப்பட்டார். ஆனாலும் என்னைத் தொடர்ந்து வகுப்புக்கு அனுப்பினார். இலவச வகுப்பு.

அடுத்த வகுப்பிலும் யன்னலடிக் கதிரையில் அன்ரி இருந்தார். கண் வீங்கி, கன்னம் ஒட்டியிருந்தது. மாஸ்டர் நெடுநேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இத்தனை நாளும் சரிவராத முகம் இப்போதுதான் சரிவந்திருக்கிறது என்று எங்களுக்கு விளக்கினார். அன்றைக்குத்தான் அவருடைய படம் முடிந்தது. அவர் கீறியதில் மிக நல்ல படம் அது. இன்றைக்கும் என்னால் அதை மறுக்க முடியவில்லை.

அவர்களுடைய மகள் கல்யாணம் முடித்து டோஸ்ட்ருப் நகருக்குப் போய் அவளுக்குப் பிள்ளை பிறந்ததும், பேரப்பிள்ளையைப் பார்க்கவென்று அன்ரி அவளிடம் போனார். பிறகு இக்காஸ்ட் பக்கம் திரும்பவில்லை. போன குளிர்காலத்தில் மாஸ்டர், தனியே இருந்த வீட்டில் இறந்துபோனார். வீட்டைக் காலிசெய்த மகள் அந்தப் படத்தை மட்டும் காரில் கொண்டுவந்தாள்.

இந்த வசந்தத்தில் நான் அவர்களிடம் போயிருந்தேன். படம் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கியது. அன்ரி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார். அந்த வீட்டில் அவருக்கு வேறு மேசை இல்லை. மகள் குசினிக்குள் போன நேரம், அந்தத் தொலைபேசிக் கதை அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“சொன்னனான் பிள்ளை. ‘அப்பாக்கு உங்களில எவ்வளவு விருப்பம், பாருங்கோ’ எண்டு சொல்லுறாள்.”

மகள் கைத்தொலைபேசியோடு வந்தாள். படத்தின் கீழே அம்மாவை இருத்தி ஒரு படம் எடுக்க வேண்டுமாம், அப்பாவின் நினைவு நாளுக்குப் போட. கதிரையை யன்னல் பக்கம் திருப்பிவிட்டு, வரச்சொல்லி டேனிஷில் கூப்பிட்டாள்.

அன்ரி பாதிச் சோற்றோடு எழும்பிப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தார். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.