பழனியாண்டி பார்த்த தண்ணீர்

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பழனியாண்டி என்பவர் தேத்தண்ணீர் குடிப்பதற்காகவே சம்பளம் வாங்கினார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு முடிந்ததும் மற்றவர்கள் கூடையும் கத்தியுமாக மலையேறுவார்கள். அவர் கேத்தலும் வெள்ளைக் கோப்பையுமாகக் கிளம்புவார். அவருக்கும் அன்றைக்கு முழுநாள் சம்பளத்துக்கு முழுப்பேர் விழும். வயிற்றெரிச்சல் படாத ஆள் தோட்டத்தில் இல்லை.

அதற்கு முன் அவர் மருந்தடிக்கிற கூட்டத்தில் இருந்தார். கொழுந்தெல்லாம் கொப்புள நோய் கண்டுகொண்டிருந்த ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. மருந்துத் தகரத்தை முதுகில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கியவர் ஒருநாள் மழையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு போனது. அதே மழையில் மண் சரிந்து, கீழே வரிசை வீடுகளில் இருந்த பணிய லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் ஊற்றுப் பீலியும் மூடிப்போனது. நிர்வாகம் பெரிய மனதுபண்ணி, மருந்து கலக்கிய பழைய இரும்புப் பீப்பா ஒன்றை லயத்துக்கு மேலே மேடைகட்டி ஏற்றியது. ஓடைத் தண்ணீர் அதில் விழுந்து குழாய்வழி வந்தது. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, குழாய்க்குச் சந்தனப் பொட்டும் வைத்தார்கள். பீப்பாயை உள்ளே கழுவ வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயந்தரமே லயத்தில் சாயத்தண்ணி கறுத்தது. பாலில்லாத வெறும் தேத்தண்ணீர் பொன்னிறமாக இருக்க வேண்டும். இதுவோ எழுதுகிற மை மாதிரி இருந்தது.

தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த சனம். குற்றத்தை வேறெங்கே தேடும்? இலையைத்தான் பிடித்துக்கொண்டது. கொழுந்து முற்றலாக வந்திருக்கும் என்றார்கள் ஆண்கள். ஸ்டோர் என்கிற ஆலையில் அரைப்பவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள் பெண்கள். ஸ்டோரில் தேயிலை போடும் டீமேக்கருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் தூள்ல குத்தமா? ஒங்க சட்டி முட்டியத் தேய்ங்க!" என்று கத்தினார். லயம் முழுக்க இரண்டு நாள் சாம்பல் போட்டுத் தேய்த்தது. சட்டி பளபளத்தது, தண்ணி கறுத்தது. கடைசியில் டீமேக்கரே வெள்ளைக் கோப்பையோடு இறங்கி வந்து, குழாய்த் தண்ணீரைத் தானே கொதிக்கவைத்துத் தன் தூளைத் தானே போட்டார். அவருடைய மானமும் கோப்பைக்குள் கறுத்தது. அப்போதுதான் எல்லோரும் தலைநிமிர்ந்து பீப்பாயைப் பார்த்தார்கள்.

செய்தி கேட்ட தோட்டத்துத் துரைக்குப் பரம சந்தோஷம். தண்ணீரில் இரும்பு கலந்தால் தேயிலைச் சாயம் கறுக்கும். கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கிற செலவு மிச்சம். ஒரு கரண்டித் தூள் போதும். பீப்பாயை மாற்றுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் சோதிக்க ஓர் ஆளைப் போடச் சொன்னார். இடுப்பு போன பழனியாண்டிக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

தினமும் காலையில் அவர் தண்ணீர் பிடித்து, சாயம் ஊற்றி, கோப்பையை ஆபீசுக்கு ஏந்திப் போவார்.

"கறுப்புங்க, ஐயா" என்பார்.

"சரி" என்பார் பெரிய கிளாக்கர். அத்தோடு அன்றைய பரிசோதனை முடிந்துவிடும். கோப்பையில் இருப்பதை வீணாக்காமல் பழனியாண்டியே குடித்துவிடுவார்.

அவர் மகள் காளியாயிக்கு நாலு வயது. பீப்பா வந்ததிலிருந்து குழந்தை குடித்ததையெல்லாம் கக்கியது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். டிஸ்பென்சரியில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள், அதையும் கக்கின. தேயிலை காட்டியது பீப்பாயின் துருவை மட்டும். உள்ளே ஊறிக்கிடந்த மருந்தைக் காட்ட அதற்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பீப்பா ஆகாது என்று அதற்குத் தெரிந்த விதத்தில் அது தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

"கறுப்புன்னு தெனமும் சொல்றீங்களே, அவுங்க என்னாங்க சொல்றாங்க?" என்று கேட்டாள் மனைவி மீனம்மா.

"சரிங்கிறாங்க."

"பீப்பாவ மாத்தச் சொல்லிக் கேளுங்க. புள்ள துரும்பா போயிருச்சு."

"கம்பெனியிலேர்ந்து பெரிய தொர வர்றாரு. அவருகிட்ட காட்டுனா மாத்திருவாங்க." பழனியாண்டி இதை மனதார நம்பினார்.

பெரிய துரை வரும் நாளும் வந்தது. விடிந்ததும் பெரிய கிளாக்கர் பழனியாண்டியைக் கூப்பிட்டு, கையில் அரை மூடி எலுமிச்சையை வைத்தார்.

"சாயத்துல இதப் புழிஞ்சு விடு."

புளிப்பு பட்டதும் கறுப்பு கரைந்து, கோப்பை பொன்னாகச் சிரித்தது. பழனியாண்டிக்கே ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது.

"ஐயா, தண்ணி அதே தண்ணிதானுங்களே? எம் புள்ள கக்குதுங்க."

"கறுப்புன்னு காட்டுனா பீப்பா போகும். பீப்பா போனா சோதிக்க ஆள் எதுக்கு? மருந்துத் தகரம் அங்கதான் கெடக்கு. ஒன் இடுப்பு தாங்குமா, யோசிச்சுப் பாரு."

பழனியாண்டி யோசித்தார். இடுப்புதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. பாவம், வலிக்கிற இடம் அதுதானே. பிழிந்தார்.

பெரிய துரை கோப்பையை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "நல்ல தண்ணியா?" என்று அவரிடமே தமிழில் கேட்டார்.

"நல்ல தண்ணிங்க, தொர" என்றார் பழனியாண்டி. லயத்துச் சனம் முழுக்க நின்று கேட்டது. இடுப்பில் குழந்தையோடு மீனம்மாவும் நின்றாள்.

இவ்வளவு மலிவான சோதனை எங்கும் இல்லை என்று பெரிய துரை பாராட்டினார். தோட்டத்தில் கணக்கு என்று பிரித்த ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பீப்பா, ஒரு ஆள், தினம் ஓர் எலுமிச்சை என்று உத்தரவானது. பழனியாண்டிக்கு ஒரு புதுக் கம்பளி கிடைத்தது.

அதைப் போர்த்திக்கொண்டு சாயந்தரம் அவர் வீட்டுக்கு வந்தபோது மீனம்மா அப்போதுதான் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம், சிங்களவர் வயலோரத்து ஊற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீர். காய்ச்சி ஆறவைத்துக் குழந்தைக்குக் கொடுத்தாள். காளியாயி மடமடவென்று குடித்தது. கக்கவில்லை.

"எனக்கும் கொஞ்சம் தேத்தண்ணி போடு" என்றார் பழனியாண்டி.

மீனம்மா ஊற்றுத் தண்ணீரை மூடிவைத்தாள். வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய், பீப்பாக் குழாயில் பிடித்து வந்து கொதிக்கவைத்தாள். கறுத்துக்கிடந்த சாயத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"குடிங்க. நல்ல தண்ணின்னு நீங்கதானே சொன்னீங்க."