பட்டாணிக்கு நாலு தையல்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வந்தார். வயது ஒன்றரை. எடை நூற்று இருபத்தெட்டு கிராம். வயிற்றில் நாலு தையல். பெயர் பட்டாணி.

பட்டாணி ஒரு ஹாம்ஸ்டர். என் மகள் ஷீலா வளர்ப்பது. வால் இல்லாத எலி என்று சொன்னால் ஷீலாவுக்குக் கோபம் வரும். என் மனைவி எஸ்தர் அப்படித்தான் சொல்வாள் — அதுவும் ஷீலா காதில் விழும்படி.

வயிற்றில் ஒரு கட்டி. ஆப்பரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பிரேசர் டவுன் கிளினிக்கிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் கொண்டுவந்தோம். வழியில் பதினோரு ஸ்பீட் பிரேக்கர்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பழக்கம் தெரியும். புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நான் எண்ணுவேன். மாடிப்படி, ஜன்னல் கம்பி, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் போதகர் ‘கடைசியாக’ என்று சொல்லும் தடவைகள்... எதையும் விடுவதில்லை.

மூன்றாவது ஸ்பீட் பிரேக்கரில் ஆட்டோக்காரர், கூடையில் என்ன என்று கேட்டார். சொன்னேன். எட்டாவது வரைக்கும் கண்ணாடியில் கூடையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பிறகு, “எலிக்கு ஆப்பரேஷனா சாப்? நம்ம வூட்ல எலிக்கு வேற ட்ரீட்மென்ட்டு” என்றார். ஆனால் மீதி மூன்றையும் தொட்டிலை ஆட்டுவது போலக் கடந்தார்.

அன்று சாயங்காலமே ஷீலா ஆபீஸ் வேலையாகப் புனே போக வேண்டியிருந்தது. ஆறு நாள். டாக்டர் சொன்னதை எல்லாம் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தாள். சுற்றுகிற சக்கரத்தைக் கூண்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். மரத்தூளுக்குப் பதில் டிஷ்யூ பேப்பர் போட வேண்டும். வலி மருந்து காலையும் மாலையும் இரண்டு சொட்டு, வாயில். சாயங்காலம் பன்னிரண்டு சூரியகாந்தி விதை, இரண்டு துண்டு வெள்ளரிக்காய். சாப்பிடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் முக்கியம்.

“உங்ககிட்ட விட்டுட்டுப் போறதுதான் நிம்மதி டாடி” என்றாள். “நீங்க எண்ணினா தப்பு வராது.”

வருமா? கோலார் தங்கவயலில் இருபத்தாறு வருஷம் டோக்கன் அறையில் உட்கார்ந்தவன் நான். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் டோக்கன் எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பான். போனதும் வந்ததும் ஒத்துப் போனால்தான் ரிஜிஸ்டரை மூடுவேன். ஒரு தடவை ஒரு டோக்கன் குறைந்ததற்காக நாற்பது பேரை நிறுத்திவைத்தேன். அந்த ஆள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அப்பேர்ப்பட்டவனுக்குப் பன்னிரண்டு விதை ஒரு கணக்கா? கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.

ஒரே சிக்கல் மருந்து. பட்டாணியின் வாயில் கொறிக்கிற பல் நாலு இருக்கிறது. முன்னாலேயே இருக்கிறது. என் கையில் பத்து விரல் இருக்கிறது, பத்தும் இருக்கட்டும் என்று நினைத்தேன். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சாயங்காலப் பன்னிரண்டில் ஒரு விதைமேல் இரண்டு சொட்டை விட்டேன். காலையில் தனியாக ஒரு விதை, அதன்மேல் இரண்டு சொட்டு.

காலையில் பார்த்தால் கிண்ணம் காலி. வெள்ளரியை மட்டும் ஓரத்தில் கொறித்து வைத்திருந்தது. மருந்து விதையும் போயிருந்தது. ‘கொடுத்தது பன்னிரண்டு, மீதி பூஜ்யம்’ என்று எழுதி, நோட்டைப் படம் எடுத்து ஷீலாவுக்கு அனுப்பினேன். ஐந்து இதயம் வந்தது. மறுநாளும் அப்படியே. ஏழு இதயம்.

புழுக்கையையும் எண்ணினேன். முதல் நாள் நாற்பத்தொன்று. இரண்டாம் நாள் இருபத்திரண்டு. மூன்றாம் நாள் ஒன்பது. உடம்பு நன்றாகச் சத்தை இழுத்துக்கொள்கிறது என்று ஓரத்தில் குறிப்பு எழுதினேன். படித்தவன் முட்டாளாக இருப்பதில் இது ஒரு சௌகரியம் — எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை பகலில் பட்டாணி ஒரு மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முடியெல்லாம் சிலிர்த்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தது, மூடிக்கொண்டது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, விதை முழுக்கச் சாப்பிடுகிறது, ஆனால் சோர்ந்திருக்கிறது என்றேன்.

அவர் கன்னடத்தில் ஒரே கேள்விதான் கேட்டார். “அங்கிள், ஈக எஷ்டு கிராம்?” இப்போது எத்தனை கிராம்.

எல்லாவற்றையும் எண்ணினேன். எடை பார்க்கவில்லை.

வீட்டில் இருந்த ஒரே தராசு, எஸ்தர் கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவு நிறுக்கிற தராசு. எலிக்கு அதைத் தா என்று எந்த வாயால் கேட்பேன்? கேட்கவில்லை. ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எஸ்தரே அதை எடுத்துவந்து, மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்தாள்.

நூற்று ஒன்பது.

பத்தொன்பது கிராம் எங்கே போயிற்று? டாக்டரம்மாவின் குரல் மாறிவிட்டது. இது வயிறு நிறையச் சாப்பிடுகிற பிராணியின் எடை இல்லை என்றார். நான் நோட்டைப் பார்த்து வரிவரியாகப் படித்தேன். எல்லா வரியிலும் மீதி பூஜ்யம்.

எஸ்தர் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாங்க, துன்னுச்சின்னா தோலு எங்க?”

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

“வெதையத் துன்னா தோலத் துப்பும்ல? இத்தன வெத போச்சே, ஒரு தோலு காமிங்க பாப்போம்.”

இருபத்தாறு வருஷம் டோக்கன் எண்ணினவன் அப்படியே நின்றேன். உள்ளே போனதை எண்ணியிருக்கிறேன். வெளியே வந்த தோலை எண்ணவே இல்லை.

டிஷ்யூ பேப்பர் குவியலைக் கலைத்தோம். அடியில் விதை. உடைக்காத, முழு விதை. மூன்று சாயங்காலத்துக்கு முப்பத்தாறு, மூன்று காலைக்கு மூன்று — நான் கொடுத்தது முப்பத்தொன்பது. கிடைத்தது முப்பத்தேழு. மருந்து ஊறிய விதைகளும் அதில்தான் இருந்தன. அதாவது, நாலு தையல் போட்ட உயிர் மூன்று நாளாக ஒரு சொட்டு வலி மருந்து இல்லாமல் இருந்திருக்கிறது. வலியில் சாப்பிடவில்லை. சாப்பிடாததை ஒளித்து வைத்திருக்கிறது. நான் அதற்கு நோட்டுப் போட்டு மார்க் கொடுத்திருக்கிறேன்.

மீதி இரண்டு விதை? டாக்டரம்மா போனில் சொன்னார்: கன்னத்தைப் பாருங்கள், உள்ளே பை இருக்கும்.

இருந்தது. இடது கன்னத்தில் இரண்டும்.

இனி மருந்து நேராக வாய்க்குள் என்றார் டாக்டரம்மா. முட்டை மஞ்சள் கருவைத் தண்ணீரில் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். காலையில் ஒரு கிராமாவது ஏறியிருந்தால் கவலை இல்லை. இறங்கியிருந்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள், அப்புறமும் நான் ஒன்றும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

நான் சிரிஞ்சை எடுத்தேன். பட்டாணியின் நாலு பல்லையும் என் பத்து விரலையும் மறுபடி எண்ணினேன். எஸ்தர் சிரிஞ்சைப் பிடுங்கிக்கொண்டாள். பட்டாணியை டீ டவலில் தலை மட்டும் தெரியும்படி சுற்றி, வாயின் ஓரத்தில் சிரிஞ்சை வைத்தாள். இரண்டு பிள்ளைகளுக்கு கிரைப் வாட்டர் புகட்டிய கை.

“முழுங்குடா ராஜா” என்றாள். “ஒளிச்சி வெக்கிற வேலையெல்லாம் என்கிட்ட ஆவாது. உன்னவிடப் பெரிய ஆளையே பாத்தவ நானு.”

யாரைச் சொல்கிறாள்? வாசகர்களிடம் மறைக்க முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு ஹெர்னியா ஆப்பரேஷன் நடந்தது. தினம் இரண்டு டம்ளர் ராகிக் கஞ்சி. இரண்டையும் குடித்துவிட்டதாகச் சொல்வேன். பால்கனியில் இருந்த குரோட்டன்ஸ் செடி அந்த மாதம் ஒரு அடி வளர்ந்தது.

ஷீலாவிடம் சொல்ல வேண்டும். மதியம் போன் செய்தேன். என் கணக்கு தப்பு என்று இந்த எழுபத்து மூன்று வயதில் முதல் தடவையாகச் சொன்னேன். “வலிச்சிருக்குமே டாடி” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை காலை எஸ்தர் தராசை மேஜைமேல் வைத்தாள். நான் எண்களைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். பதினாலு கம்பி.

“நூத்திப் பதினொண்ணு” என்றாள் எஸ்தர்.

முந்தின சாயங்காலமும் பன்னிரண்டு விதை வைத்திருந்தேன். கூண்டுக்குள் டிஷ்யூமேல் தோல் கிடந்தது. பொறுக்கி எடுத்து எண்ணினேன். பதினாலு பாதித் தோல் — அதாவது ஏழு விதை. மீதி ஐந்து பேப்பருக்கு அடியில் பத்திரமாக இருந்தது. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. ரிஜிஸ்டரை மூடினேன். தோலை வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து ஷீலாவுக்குப் படம் அனுப்பினேன். இதயம் எத்தனை வந்தது என்று எண்ணவில்லை. கண்ணாடி கொஞ்சம் மங்கலாக இருந்தது.

ஷீலா நேற்று வந்துவிட்டாள். பட்டாணி இப்போது நூற்றுப் பத்தொன்பது. தையல் பிரிக்க இன்னும் மூன்று நாள். எஸ்தர் இன்னும் எலி என்றுதான் சொல்கிறாள். ஆனால் மஞ்சள் கருவை யாரையும் குழைக்க விடுவதில்லை. கேக் தராசு கூண்டுக்குப் பக்கத்திலேயே குடியேறிவிட்டது.

வீட்டில் வேறு மாற்றம் ஒன்றும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டதும் எஸ்தர் எதிரில் வந்து நின்று வாயைத் திறக்கச் சொல்கிறாள்... இடது கன்னத்தைத்தான் முதலில் பார்க்கிறாள்.